நினைவில் இல்லாத பிள்ளை

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு ஜெசிந்தா வீட்டுக்கு வந்த அன்று, அவள் கணவன் சூசை முதலில் கேட்டது அதைத்தான்.

"நெசமாவே ஒண்ணும் ஞாபகம் இல்லியா?"

"காலைல வீட்டுல இருந்து கெளம்புனது இருக்கு. ஸ்கூட்டர் ஸ்கூல் கேட்டுக்குள்ள நுழையுத வரைக்கும் இருக்கு. அப்புறம் சாயங்காலம் கேட்ட விட்டு வெளிய வாரது. நடுவுல ஒண்ணுங் கெடையாது."

"மூணு வருசமும்?"

"மூணு வருசமும்."

சூசை அவள் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அங்கே ஒட்டியிருந்த சிறிய வெள்ளை மணி இப்போது இல்லை. மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். போலீஸ்காரர்களும் அதை மொச்சை என்றே சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் நிரந்தரமாக வேலை பார்க்கும் ஒவ்வொரு காவலருக்கும் அதை ஒட்டிவிடுவார்கள். பள்ளிச் சுவருக்குள் போனதும் அது தானாக விழித்துக்கொண்டு, மூளையில் உருவாகிற ஒவ்வொரு நினைவிலும் ஓர் அடையாளம் வைக்கும். அந்த நினைவை அப்புறம் வீட்டில் உட்கார்ந்து அசைபோட்டாலும் அடையாளம் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பணி முடிந்து வேறிடத்துக்கு மாற்றும்போது, அடையாளம் வைத்ததை எல்லாம் ஆஸ்பத்திரியில் மூடிவிடுவார்கள்.

"எதுக்குத்தான் இப்படி ஒரு சட்டம் போட்டானுவளோ," என்றான் சூசை. அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். எந்தச் சரக்கும் ஒரு இடத்தில் இறக்கினால் அங்கேயே இருக்க வேண்டும் அவனுக்கு.

"நல்ல சட்டந்தாங்க. பதினாலு வயசுல ஒரு பய ஸ்கூல்ல சைக்கிளத் திருடியிருப்பான். பெறகு திருந்தி, கல்யாணமுங் கட்டி, ஒழுங்கா இருப்பான். தெருவுல எது காணாமப் போனாலும் போலீஸ் மொதல்ல அவன் வீட்டுக் கதவத்தான் தட்டும். ஏன்னா, அங்க ட்யூட்டி பாத்த ஏட்டுக்கு அவன் மொகம் மறக்கல. கேச மட்டும் அழிச்சிப் பிரயோசனம் இல்ல, போலீஸ் மண்டையில இருக்கதையும் அழிக்கணும்னு பெத்தவங்கதான் போராடுனாங்க."

"அது செரி. நல்லதும் ரெண்டு இருந்திருக்கும்லா உள்ள. அதுவும்லா போயிட்டு."

ஜெசிந்தா காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மாறுதலாகி அவள் போன இடம் கடற்கரையை ஒட்டிய காவல் நிலையம். மீன் ஏலத்தில் கைகலப்பு, வலைத் திருட்டு, குடித்துவிட்டுப் படகில் தூங்குகிறவர்கள். வேலை பழகிப்போனது. பழகாதது தெருதான். பேருந்திலும் கடைத்தெருவிலும் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் எதிரே வருவார்கள். சிலர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சட்டம் நினைவுக்கு வந்து வேறு பக்கம் பார்ப்பார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார்கள். முகம் மலர்ந்தவளுக்கு என்ன நல்லது செய்தோம், குனிந்து போகிறவளை என்ன பாடுபடுத்தினோம் என்று அவளுக்குத் தெரியாது. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல அவள் மனம் அந்த மூன்று வருஷத்துக்குள் போய்ப் போய்த் திரும்பியது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை அவள் கரையோரம் ரோந்து போனாள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் சீருடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகப் பை. பள்ளி ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"ஏட்டி, ஸ்கூலுக்குப் போகலியா?"

அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள். ஓடப் போகிறாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். ஆனால் அவள் ஓடாமல் ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு லீவு மேடம்."

"ஒனக்கு மட்டும் லீவா? மத்த பிள்ளையெல்லாம் ரோட்டுல போச்சே. எந்தக் கிளாசு?"

"பன்னெண்டு."

"பேரு?"

அந்தச் சாதாரணக் கேள்வி அவளை என்னவோ செய்தது. கண்ணாடிப் பாத்திரத்தைக் கை தவறவிட்டவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இசக்கிப்ரியா," என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

ஜெசிந்தாவுக்குள் எதுவும் அசையவில்லை. "அம்மா நம்பர் சொல்லு. நான் பேசுதேன்."

"வேண்டாம் மேடம். அம்மை உப்பளத்துல நிக்கா. நான் ஸ்கூலுக்குப் போகலன்னு தெரிஞ்சா அங்கனயே விழுந்துருவா." பிறகு, தயங்கித் தயங்கி, "மேடம், இந்தப் பக்கம் நெழலுக்கு வாங்க. வெயில்ல நின்னா ஒங்களுக்கு ஒத்தத் தலைவலி வந்துருமே," என்றாள்.

ஜெசிந்தா கையில் எடுத்த செல்போனைத் தாழ்த்தினாள். அவளுக்கு ஒற்றைத் தலைவலி என்பது சூசையைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நிலையத்தில்கூட அவள் சொன்னதில்லை.

"நீ அந்த ஸ்கூலா?"

"நெனவூட்டுதது குத்தம்னு ஸ்கூல்ல போர்டு வச்சிருக்காவ மேடம்."

குற்றம்தான். பழைய மாணவி யாராவது அப்படிப் பேச ஆரம்பித்தால் காவலர் அந்த இடத்தை விட்டு உடனே நகர்ந்து, மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மூடலுக்குக் கையெழுத்துப் போட்ட அன்று அதை வாசித்துக் காட்டியிருந்தார்கள். ஜெசிந்தா சுற்றிலும் பார்த்தாள். தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களைத் தவிர யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தாள்.

"சொல்லு."

இசக்கியும் எதிரே உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்.

"போன நவம்பர்ல பிசிக்ஸ் லேப்புல ஒரு பாடக் கண்ணாடி காணாமப் போச்சு. மாட்டிக்கிட்டா பாடம் கண்ணு முன்னால படமா ஓடும்லா, அது. பெட்டியில பத்து இருக்கும். ஒண்ணக் காணும். நாந்தான் அன்னைக்கு லேப்ப விட்டுக் கடைசியா வந்தேன். கேமராவுல அப்படித்தான் இருந்துச்சு. நீங்க கிளாசுக்கு வந்தீங்க. என் பையத் தூக்கிக்கிட்டு, தோள்ல கையப் போட்டு, கிரவுண்டு வழியா ஒங்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அப்பம் சாப்பாட்டு பெல் அடிச்சிட்டு. மொத்த ஸ்கூலும் வராந்தாவுல நின்னு பாத்துச்சு."

"அடிச்சனா?"

"இல்ல மேடம். நீங்க யாரையும் அடிக்க மாட்டீங்க."

அதைக் கேட்டதும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகவே ஜெசிந்தாவுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"பைக்குள்ள கண்ணாடி இருந்துச்சா?"

"எங்க இருக்கும், நான் எடுத்தாத்தான? வெளிய யாருட்டயோ குடுத்துட்டேன்னு எழுதிட்டாவ. சிறார் மன்றத்துல மூணு வாரம் ஸ்கூலுக்கு வரக் கூடாதுன்னாவ. ஏப்ரல்ல கேச அழிச்சாச்சி. ஒங்களுக்கும் அழிச்சாச்சி. பிள்ளையளுக்கு யாரு அழிக்கா மேடம்?" அவள் குரல் உயரவில்லை. "எம் பேரே இப்பம் கண்ணாடிதான். 'கண்ணாடி வருது, பையப் பாத்துக்கோ'ம்பாளுவ. கிளாஸ்ல ஒரு பேனா காணாமப் போனாலும் எல்லாத் தலையும் எம்பக்கம் திரும்பும். யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ. திரும்பும், அவ்வளவுதான். தமிழ் டீச்சரே ஒரு நா வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுட்டாவ. அதுக்கப்புறம் நான் போகல."

ஜெசிந்தா அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள். இருபது வருஷப் பழக்கத்தில் குரல் தானாகவே கெட்டியானது. "நீ எடுத்தியா?"

"எடுக்கல. அது ஒங்களுக்குத் தெரியும் மேடம்."

"எனக்கா?"

"நீங்க ஸ்கூல்ல இருந்த கடைசி நாளு. என்னத் தனியாக் கூப்பிட்டீங்க. 'நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும் பிள்ள, எல்லார்ட்டயும் சொல்லிருதேன்'னு சொன்னீங்க. அதுக்குள்ள ஒங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாவ."

கடல் பக்கமிருந்து டீசல் வாடை வந்தது. ஒரு பிள்ளையின் மேல் விழுந்த களங்கத்தைப் போலீஸ் சுமந்து திரியக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம். களங்கம் விழுந்ததை ஊரே பார்த்தது, ஊர் மறக்கவில்லை. களங்கம் இல்லை என்று தெரிந்தவள் ஒருத்தி இருந்தாளாம், அவள் மறந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போ," என்றாள் கடைசியில். "நாளைக்கும் இங்கன வந்து உக்காராத. நான் விசாரிக்கேன்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சூசையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டப்படி அதுவும் தப்புதான்.

"அந்தப் பிள்ள பொய் சொல்லியிருந்தா?" என்றான் சூசை.

"சொல்லலாம். இல்லன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு? நான் அப்படிச் சொன்னனா சொல்லலியான்னு எனக்கே தெரியாது." அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "எதிர்ல நிக்கவ நெசஞ் சொல்லுதாளா பொய் சொல்லுதாளான்னு பாத்த ஒடன கண்டுபிடிச்சிருவேன்னு இத்தன வருசமாப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கு அந்தப் பிள்ள மொகத்த மொதத் தடவையாப் பாக்க மாதிரிதான் பாத்தேன். திருடுன மொகமாத் தெரியல எனக்கு."

"முன்னாடி பாத்தப்ப மட்டும் தெரிஞ்சிச்சாக்கும்?"

"முன்னாடி கேமராவப் பாத்திருப்பேன்."

சூசை அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் மாலை, பள்ளி விட்டு ஆளடங்கிய பிறகு, ஜெசிந்தா சாதாரணச் சேலையில் பள்ளிக்குப் போனாள். கேட்டில் புதிதாக வந்திருந்த பெண் காவலர், யார் என்று தெரியாமல் பெயர் கேட்டு உள்ளே விட்டாள். இளம் பெண். காதுக்குப் பின்னால் மொச்சை வெள்ளையாக மின்னியது.

மூன்று வருஷம் நடந்த வராந்தாவில் தலைமை ஆசிரியை அறை எது என்று ஜெசிந்தா ஒரு துப்புரவுப் பணியாளரிடம் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

தலைமை ஆசிரியை ஆவுடைத்தாய் அவளைக் கண்டதும் எழுந்தார். சந்தோஷமும் பயமும் ஒன்றாக முகத்தில் வந்தன.

"நீங்க இங்க வரக் கூடாதே மேடம்."

"தெரியும் டீச்சர். பிசிக்ஸ் லேப்புல ஒரு கண்ணாடி காணாமப் போச்சாம்."

ஆவுடைத்தாய் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்காரச் சொன்னார். மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"அந்தப் பிள்ள வந்து சொல்லிச்சாக்கும்."

"யாரு சொன்னா என்ன?"

"அது கெடச்சிட்டு மேடம்."

ஜெசிந்தா நாற்காலியை மேசையருகே இழுத்துக்கொண்டாள்.

"லேப்புக்கு வெள்ளையடிக்க பீரோவ நகத்துனோம். பின்னால, செவத்துக்கும் பீரோவுக்கும் நடுவுல கெடந்துச்சு. பீரோ மேல வச்சது வழுக்கி விழுந்திருக்கு. யாரும் எடுக்கல."

"எப்பம் கெடச்சிது?"

"ஸ்கூல் தெறக்கதுக்கு முன்னால. ஜூன் மொத வாரம்."

"ஜூன்லயா?"

"ஆமா. ஏன் மேடம்?"

ஜெசிந்தா மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். அவள் இந்தப் பள்ளியை விட்டுப் போனது ஏப்ரல் கடைசியில். மே முதல் வாரத்தில் நினைவு மூடியாகிவிட்டது.

"பிள்ளட்ட சொன்னீங்களா டீச்சர்?"

"எப்படிச் சொல்ல? அழிச்ச கேசப் பத்தி வாயத் தொறந்தா எனக்கே மெமோ வரும். சட்டப்படி இந்த ஸ்கூல்ல அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. நடக்காத விசயத்துக்கு என்னன்னு சொல்லி மன்னிப்புக் கேக்க? போக, நாளடைவுல பிள்ளையளே மறந்துருவாளுவன்னு நெனச்சேன்."

"மறக்கலியே. அவ ஸ்கூலுக்கே வாரதில்ல."

"தெரியும்." ஆவுடைத்தாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "ஒங்களுக்கு மறந்துட்டு மேடம். எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. அன்னைக்கு நீங்க அவளக் கூட்டிட்டுப் போனத நான் இந்தச் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். வெளிய வந்து, 'பிள்ளைய விடுங்க, நான் பேசிக்கிடுதேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. முந்தியெல்லாம் ஒரு பிள்ள எதையாச்சும் எடுத்துட்டான்னா நாங்களே கூப்பிட்டு, அதட்டி, அழவச்சி, ரெண்டு நாள் தேடிப் பாத்து, அதோட முடிச்சிருவோம். பல நேரம் பொருளும் அங்கனயே கெடக்கும். நீங்க வந்த பொறவு எல்லாத்துக்கும் ஒங்களக் கூப்பிட்டே பழகிட்டோம். தல வாராம வந்தாக்கூட 'ஏட்டம்மாட்ட சொல்லிருவேன்'னு மெரட்டுவோம். அந்தப் பீரோவ அன்னைக்கே நகத்திப் பாத்திருக்கணும். யாருக்கும் தோணல. அதுதான் போலீஸ் வந்துட்டே."

ஜெசிந்தா எழுந்தாள்.

"நாளைக்குக் காலைல பிரேயருக்கு வாரேன் டீச்சர்," என்றாள் ஜெசிந்தா.

"வராதீங்க மேடம். ஒங்க வேல போயிரும்."

"எனக்கு மைக்க மட்டும் குடுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஆவுடைத்தாய் எழுந்து போய்ச் சாத்தியிருந்த கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் ஜெசிந்தா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சீருடையிலேயே கிளம்பினாள். போகிற வழியில் இசக்கியின் வீட்டை விசாரித்து, வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "சீருடையப் போட்டுட்டு வா," என்றாள். அம்மா உப்பளத்துக்குப் போயிருந்தாள். இசக்கி என்ன ஏதென்று கேட்காமல் பின்னால் ஏறிக்கொண்டாள். பள்ளியை நெருங்க நெருங்க அவள் விரல்கள் ஜெசிந்தாவின் இடுப்பு பெல்ட்டை இறுக்கிப் பிடித்தன.

பிரேயர் மைதானத்தில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றிருந்தார்கள். கேட்டிலிருந்து மேடை வரைக்கும் வெயிலில் நடக்க வேண்டும். ஜெசிந்தா இசக்கியை முன்னால் விட்டு இரண்டடி தள்ளிப் பின்னால் நடந்தாள். அவள் மேல் கை வைக்கவில்லை. வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எந்த வரிசையிலிருந்தோ "கண்ணாடி" என்று யாரோ சொல்வதும், யாரோ சிரிப்பதும் கேட்டது. இசக்கியின் நடை தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை.

ஆவுடைத்தாய் மைக்கை நீட்டினார்.

"எம் பேரு ஜெசிந்தா. இங்க மூணு வருசம் இருந்தேனாம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒங்களுக்கு இருக்கும்." ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டு அவள் ஒரு கணம் நின்றாள். "இந்தப் பிள்ளைய நான் ஒரு நாள் இந்த கிரவுண்டு வழியா எல்லாரும் பாக்கக் கூட்டிட்டுப் போனேனாம். லேப்புல ஒரு கண்ணாடியத் திருடிட்டான்னு. அந்தக் கண்ணாடி லேப்பு பீரோவுக்குப் பின்னாலயே கெடந்திருக்கு. ஜூன்ல எடுத்திருக்காவ. இவ திருடல. அன்னைக்கும் இவ அதத்தான் சொல்லியிருப்பா. நான் நம்பல. தப்பு என்னோடது. நான் கூட்டிட்டுப் போனத எல்லாரும் பாத்தீங்க. அதனால இதையும் எல்லாரும் பாக்கணும்னுதான் வந்தேன்."

'நான் நம்பல' என்ற இடத்தில் பக்கத்தில் நின்ற இசக்கி சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

ஜெசிந்தா அவள் பக்கம் திரும்பி, மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, "மன்னிச்சிரு பிள்ள," என்றாள். மைக் அதையும் எல்லோருக்கும் கேட்க வைத்தது.

யாரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தைக்கு இருமல் வந்தது. பிறகு ஆவுடைத்தாய் முன்னால் வந்து, "பன்னெண்டாவது ஏ வரிசையில போய் நில்லும்மா," என்றார். இசக்கி போனாள். வரிசையில் அவளுக்கு இடம் விட இரண்டு பெண்கள் நகர்ந்தார்கள். எப்போதும்போல ஒரு சின்னப் பெண் வந்து அன்றைய செய்திகளை வாசித்தாள். மழை வரலாம் என்றது செய்தி.

மூன்றாம் நாள் துணைக் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். திட்டவில்லை.

"ஒரு சின்ன வழி இருக்கும்மா. இந்த ஒரு வாரத்த மட்டும் மூடிக்கலாம். மொச்சை இல்லைன்னாலும் நாள் கணக்கு வச்சி மூட முடியும். ஒரு நாள் படுத்தா போதும். அந்தப் பொண்ணு, ஹெச்.எம்., பிரேயர் எல்லாம் போயிடும். கோப்பையும் அழிச்சிடுவாங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடலாம். இல்லைன்னா சஸ்பெண்ட் பண்ணி விசாரணை வைக்கணும். வேலை நிலைக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"வேண்டாம் சார்."

"யோசிச்சிச் சொல்லுங்க. செஞ்ச தப்புதான் ஏற்கெனவே உங்களுக்கு நினைவுல இல்லையே. வருத்தத்தை மட்டும் எதுக்கு வச்சிக்கணும்?"

"தப்பு போயிட்டு சார். வருத்தமாவது இருக்கட்டும்."

சஸ்பெண்ட் உத்தரவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சூசை அதை வாசித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். "கிரேன் நாந்தான ஓட்டுதேன். பாத்துக்கலாம்," என்றான்.

அடுத்த வாரத்தில் ஒரு மாலை, பள்ளிக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் ஜெசிந்தா காத்திருந்தாள். சீருடை இல்லாமல் அங்கே நிற்பது கூச்சமாக இருந்தது. இசக்கி தனியாகத்தான் வந்தாள். அவளைக் கண்டதும் வேகமாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"டெய்லி போறியா?"

"போறேன் மேடம்."

"இன்னும் கூப்பிடுதாளுவளா?"

"ரெண்டு மூணு பேரு. கூப்பிட்டுட்டு அவளுவளே மொகத்தத் திருப்பிக்கிடுதாளுவ. தமிழ் டீச்சர் எங்கிட்டப் பேசும்போது தரையப் பாத்துப் பேசுதாவ." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்க வேல போயிட்டுன்னு சொல்லுதாவளே," என்றாள்.

"இன்னும் முழுசாப் போகல."

இருவரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இசக்கி பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"மேடம், நான் ஒரு பொய் சொன்னேன் ஒங்கட்ட."

"தெரியும். கண்ணாடி ஜூன்லதான் கெடச்சிச்சு. ஏப்ரல்ல எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? கடைசி நாள் நான் ஒன்னயக் கூப்பிடவே இல்ல, என்ன?"

"கூப்பிடல. அன்னைக்கு எல்லாப் பிள்ளையளும் ஒங்களுக்குக் கார்டு குடுத்தாளுவ. நானும் ஒண்ணு வச்சிருந்தேன். நீங்க என்னப் பாக்காமப் போயிட்டீங்க." அவள் அழவில்லை. "ஒங்களுக்கு எல்லாம் மறந்துட்டுன்னு தெரிஞ்சப்பம், இவங்களாவது மொதல்ல இருந்து என்னப் பாப்பாங்கள்லான்னு தோணிச்சு. அதான் கடற்கரைக்கு வந்து வந்து உக்காந்தேன். 'நீங்க என்ன நம்பல'ன்னு சொன்னா, 'அப்பமே நம்பலன்னா காரணம் இருக்கும்'னு நெனப்பீங்க. 'நீங்களே சொன்னீங்க'ன்னா நம்புவீங்கன்னு நெனச்சேன். எல்லாருக்கும் அவங்க சொன்னத நம்பத்தான மேடம் பிடிக்கும்?"

ஜெசிந்தா தலையை ஆட்டினாள். இந்த வயதில் இதைக் கற்றுக்கொள்ளும்படி ஆகிவிட்டதே இவளுக்கு என்று இருந்தது.

"அன்னைக்கு ரூம்ல நான் என்ன சொன்னேன்?"

"எதுக்கு மேடம்? விடுங்க."

"சொல்லு பிள்ள. அது ஒங்கிட்ட மட்டுந்தான் இருக்கு. நீ ஒருத்தியே எதுக்குச் சொமக்கணும்?"

"நீங்க வருத்தப்படுவீங்க."

"படணும். மென்னு முழுங்காம சொல்லு. நான் சொன்ன மாதிரியே சொல்லு."

இசக்கி பையை இறக்கிக் காலடியில் வைத்தாள்.

"மொதல்ல கதவச் சாத்துனீங்க. நான் அழுதேன். 'அழாத, அழுகைய நான் நெறைய பாத்துட்டேன்'னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"எங்கப்பா மேல சத்தியமா நான் எடுக்கலன்னேன். அப்பா செத்து ஆறு மாசந்தான் ஆச்சு அப்பம். 'செத்தவர எதுக்கு இழுக்க, இருக்கவளக் கூப்பிடு'ன்னு சொன்னீங்க. அம்மைக்கு போன் போட்டீங்க. அவ உப்புக் கையோட ஓடி வந்தா. ஒங்க கால்ல விழப் போனா. நீங்க காலப் பின்னால இழுத்துக்கிட்டீங்க."

அவள் நிறுத்தி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தாவின் இரண்டு கைகளும் மடியில் இறுகக் கோர்த்திருந்தன.

பேருந்து வந்து நின்றது. நடத்துனர் குனிந்து பார்த்து, "வாரியா பாப்பா?" என்றார். இசக்கி வேண்டாம் என்று கையசைத்தாள். பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"அப்புறம்?" என்றாள் ஜெசிந்தா.

இசக்கி பெஞ்சில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டு மீதியைச் சொல்லத் தொடங்கினாள்.